பாறையில் இடம் பார்த்த தம்பி

என் தம்பி போராடிப் பெற்றவை கொஞ்சமல்ல. ஆறு வயதில் மஞ்சள் காமாலை வந்து எல்லோரும் கைவிட்ட பிறகு உயிரைத் திரும்பப் பெற்றான். வலக்கைக்காரர்களுக்காகவே செய்த கனத்த தையல் மெஷினை இடக்கையால் ஓட்டிப் பழகி, கூடாரம் தைக்கும் பட்டறையில் வேலை பெற்றான். பெண் கேட்டுப் போனவனை வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பிய மாமனாரிடம், அடுத்த மழையில் அவர் வீட்டுக் கூரை ஒழுகியபோது கூப்பிடாமலேயே போய்த் தார்ப்பாய் கட்டிக் கொடுத்துப் பெண்ணைப் பெற்றான். அவன் தைத்த கூடாரம் ஒன்றுகூடக் கிழிந்தது என்று பட்டறைக்குத் திரும்பி வந்ததில்லை. இவ்வளவும் பெற்றவனுக்குத் தன் பெயரை எழுத மட்டும் வராமலிருந்தது. இதை அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சாலை போடும் வேலை. சாலை நீள நீள நாங்களும் நகர்ந்தோம். நான் அதற்கு முன்பே எட்டாவது வரை படித்துவிட்டேன். தம்பிக்குப் பள்ளிக்கூட வயது வந்தது இந்த ஓட்டத்தில்தான். எந்த ஊருக்குப் போனாலும் அவனை முதல் வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள். கடைசியாகப் போன பள்ளியில் அவன் கால் பெஞ்சுக்கு அடியில் நுழையவில்லை. பக்கத்துப் பொடிசுகள் அவனை "சார்" என்று கூப்பிட்டுச் சிரித்தன. அன்றோடு சரி.

பெரியவனானதும் மறைக்கப் பழகிக்கொண்டான். யாராவது தாளை நீட்டினால், "கண்ணாடிய வீட்ல வெச்சிட்டேன், நீங்களே சொல்லுங்க" என்பான். வங்கிக் கணக்கை நான்கு தெரு தள்ளித் தொடங்கினான், கைநாட்டு வைப்பதைத் தெரிந்தவர்கள் பார்க்கக் கூடாதென்று. வீட்டுக்கு வரும்வரை மை படிந்த விரல் சட்டைப் பைக்குள்தான் இருக்கும். என்னையும் அவன் மனைவியையும் தவிர யாருக்கும் தெரியாது.

பட்டறை முதலாளிக்கு ஒருநாள் யோசனை வந்தது. "இத்தனை வருஷமா கூடாரம் தைக்கறோம், ஒருத்தனும் அதுல படுத்ததில்ல. மலைக்காட்டுக்குப் போய் ரெண்டு நாள் தங்கிட்டு வருவோம், குடும்பத்தோட வாங்க" என்றார்.

வீட்டில் வந்து சொன்னபோது தம்பிக்குச் சிரிப்பு. "அக்கா, நாம சின்ன வயசுல படுத்ததெல்லாம் தார்ப்பாய்க்குக் கீழதானே? இதுக்கு ஊர்விட்டு ஊர் போறாங்களாம்." ஆனாலும் முகத்தில் பூரிப்பு தெரிந்தது. கூடாரம் எங்கே உறுதியாக நிற்கும் என்று அவனுக்குத்தான் தெரியும், இடத்தை அவனே பார்த்துச் சொல்லட்டும் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் பட்டறையில் துணி வெட்டும் மேசையில் காட்டின் வரைபடத்தை விரித்தார்கள். தம்பி அதுவரை வரைபடம் பார்த்ததில்லை. அவனுக்குத் தெரிந்தது, துணியை வெட்டித் தைக்க வரைந்து வைத்திருக்கும் பேட்டர்ன் தாள்தான். கயிறு இழுக்கிற மூலையில் பலம் வேண்டும் என்பதால் அங்கே வரிசை வரிசையாகத் தையல் போடுவார்கள். தாளில் அந்த இடத்தில் கோடுகள் நெருக்கமாக இருக்கும். நெருக்கம் என்றால் பலம். வரைபடத்திலும் ஓரிடத்தில் கோடுகள் நெருங்கி ஓடின. அவன் விரலை வைத்து, "இதுதான். நல்ல கெட்டியான இடம்" என்றான்.

அந்தக் கோடுகள் நிலத்தின் உயரத்தைக் காட்டுபவை. அவை நெருங்கினால் அங்கே நிலம் செங்குத்து என்று பொருள்.

மூட்டை கட்டுகிறவன் எட்டிப் பார்த்தான். "டேய் நூலு, அது பாறைடா. கூடாரம் போடப் போறியா, தொட்டில் கட்டப் போறியா?" ஒல்லியாக இருப்பதாலும் சட்டையில் எப்போதும் நூல் ஒட்டியிருப்பதாலும் தம்பிக்குப் பட்டறையில் நூலு என்று பெயர். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

கணக்கர் நல்ல மனிதர், கிண்டல் செய்யத் தெரியாதவர். "கீழயே பெரிசா எழுதியிருக்கே தம்பி, 'செங்குத்துப் பாறை, போகாதீர்'ன்னு. படிக்கலையா?" என்று கேட்டார்.

"கண்ணாடிய வீட்ல வெச்சிட்டேன் சார்."

"நீ என்னைக்குடா கண்ணாடி போட்ட?" என்றான் மூட்டை கட்டுகிறவன், சிரிப்பு மாறாமலே. பிறகு அவனுக்கே புரிந்தது. எல்லோருக்கும் புரிந்தது. யாரோ மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள். யாரோ டீ சொல்லப் போனார்கள். தம்பி மெஷினில் போய் உட்கார்ந்து, சாயங்காலம்வரை தலை நிமிராமல் தைத்தான்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று மனைவியை விட்டுச் சொல்லச் சொன்னான். எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வீடுதான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. "வேற பட்டறை பாக்கறேன்க்கா. அங்க யார் மொகத்தையும் பாக்க முடியாது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அவன் கட்டிக் காத்த வேலை அது. விட்டுவிடுவான் போலிருந்தது.

துணி வெட்டுகிற மாஸ்டர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். தம்பி உள்ளே ஓடித் திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டான்.

"தூங்கறான் மாஸ்டர்" என்றேன்.

"தூங்கட்டும்மா. தூங்கறவனுக்கு எதுக்கு கால்விரல் ஆடுது?" திரைக்குக் கீழே கால் தெரிந்தது. சட்டென்று உள்ளே போய்விட்டது. மாஸ்டர் என்னிடம் பேசுவது போலவே குரலை உயர்த்தினார். "எனக்கும் அன்னைக்கு அது தையல்னுதாம்மா தோணுச்சு. நெருக்கமா இருக்கு, பலமா இருக்கும்னு சொல்ல வாயெடுத்தேன். கீழ இருந்தத படிச்சிட்டதால வாய மூடிட்டேன். இல்லன்னா நானும் அவன்கூட பாறையில தொங்கியிருப்பேன்."

திரை அசையவில்லை.

"இன்னொண்ணு. காட்டு வாசல்ல ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கையெழுத்து போடணுமாம். நான் ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன், கைநாட்டும் வெக்கலாமாம். மை தயாரா வெச்சிருக்கச் சொல்லியாச்சு. அவன் எதுக்கும் கவலப்பட வேணாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் போன பிறகு தம்பி வெளியே வந்தான். பட்டறையில் எல்லோரும் சிரித்ததைச் சொன்னபோதுகூட அவன் முகம் அவ்வளவு சுருங்கவில்லை. "எனக்காக மை வெக்கச் சொல்லியிருக்காங்கக்கா" என்றான்.

மறுநாள் காலை வேலைக்குப் போனான். யாரும் எதுவும் கேட்கவில்லை. மூட்டை கட்டுகிறவன் மட்டும் வருத்தத்தில் எதைக் கண்டாலும் அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினானாம், பிஸ்கட் உறையைக்கூட விடாமல். அதற்கு அந்தக் கிண்டலே தேவலை என்றான் தம்பி.

அன்று சாயங்காலம் மிச்சத் துணி ஒன்றைக் கொண்டுவந்து மனைவி முன்னால் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் சாக்குக்கட்டியை நீட்டினான். "என் பேர எழுது."

அவள் எழுதினாள். "என் பேரு வேணாமா?" என்று கேட்டாள்.

"மொதல்ல இது வரட்டும்."

பேனா அவன் கைக்கு அடங்கவில்லை. ஊசி அடங்கியது. சாக்குக்கட்டிக் கோட்டின்மேல் வீட்டிலிருந்த பழைய மெஷினை ஓட்டினான். வளைவுகளில் துணியைத் திருப்பித் திருப்பித் தைத்தான். பழந்துணியெல்லாம் அவன் பெயராயிற்று. என் தலையணை உறையும் தப்பவில்லை. துணியில் வந்த பிறகு பென்சிலை எடுத்தான். நான் அறைக்குள் வந்தால் தாளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வான். பார்க்காதது போல நானும் வந்த வேலையைப் பார்ப்பேன்.

பயணத்தன்று வேனிலிருந்து இறங்கி எல்லோரும் காட்டு வாசலில் வரிசையாக நின்றோம். தம்பியின் கழுத்து வியர்த்திருந்தது. அவன் முறை வந்ததும், வாசல் அறையில் இருந்த காவலர், மாஸ்டர் கண்காட்டியதைப் பார்த்துவிட்டு மைப் பெட்டியைத் திறந்து அவன் பக்கம் தள்ளினார். வரிசை முழுவதும் வேறெங்கோ பார்த்தது, மரத்தையும் வானத்தையும்.

தம்பி மைப் பெட்டியை மூடி ஓரமாக வைத்தான். இடக்கையில் பேனாவை எடுத்தான். முதல் கோட்டை இழுத்ததும், அதே கோட்டின்மேல் திரும்பப் போனான். நூல் பிரியாமலிருக்கத் தையல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மறுபடி ஓட்டுவார்களே, அப்படி. ஒவ்வொரு எழுத்தாக வந்தது. கடைசி எழுத்திலும் திரும்பிப் போய் அழுத்தினான்.

பின்னால் நின்ற மூட்டை கட்டுகிறவனுக்குப் பொறுக்கவில்லை. "என்ன நூலு, தாளத் தைக்கறியா?"

"பிரியக் கூடாதுல்ல" என்றான் தம்பி, நிமிராமலே.

பக்கத்தில் தேதி போட ஒரு கட்டம் இருந்தது. எண்கள் அவனுக்கு எப்போதும் வரும், அளவு நாடா பழக்கிய கை. அதையும் அவனே எழுதினான்: 15-3-2014.