கணிப்புச் சீட்டு

சூலூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி இருக்கிறது. மாவட்ட லீக் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் ரசிகர்கள் அங்கே கூடுவார்கள். ரசிகர்கள் என்றால் பெரிய கூட்டம் இல்லை, இருபது பேர் வந்தால் அதிகம். ஒவ்வொருவரும் அந்த சீசனில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும். எத்தனை ஆட்டம் ஜெயிப்போம், எத்தனையாவது இடத்தில் முடிப்போம், யார் அதிகக் கோல் அடிப்பார். அதைச் சீட்டில் எழுதி, மடித்து, பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுவார்கள். கடைசி ஆட்டம் முடிந்த பிறகுதான் பிரிப்பார்கள். யாருடைய கணிப்பு ரொம்ப மோசமாகத் தப்பியதோ, அவர் அடுத்த சீசன் முழுக்க மைதானத்துக்குத் தண்ணீர்க் கேன் தூக்க வேண்டும்.

எழுதிக்கொடுப்பது என் வேலை. கல்யாணமாகி வந்த வருஷம் கணக்கில் எம்.எஸ்சி. படித்த பெண் என்று நோட்டையும் பேனாவையும் என் கையில் கொடுத்தார்கள். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வது என் பழக்கம். அப்படியே நான்கு வருஷமாக எழுதுகிறேன்.

அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆட்டக்காரரைப் பற்றி யாரும் கெட்டதாக எதுவும் சொல்லக் கூடாது. நான் வருவதற்கு முன்பு, இப்போது ஓய்வுபெற்றுவிட்ட பஸ் கண்டக்டர் ஒருவர், "நம்ம லெஃப்ட் பேக் தம்பி இந்த சீசன் முழுக்க நிக்க மாட்டான்" என்று சொன்னாராம். மூன்றாவது ஆட்டத்தில் அந்தத் தம்பியின் கணுக்கால் உடைந்தது. அன்றிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. கண்டக்டரைப் பெரியப்பா என்று கூப்பிடுவார்கள், டீ வாங்கிக்கொடுப்பார்கள். ஆனால் அவர் வாய் பலிக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. தற்செயல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், பரீட்சையே எழுதியிருக்கிறேன். இருந்தாலும் அவர் ஒருமுறை என் மகளைப் பார்த்து, "பாப்பா எளைச்சுப்போச்சே" என்று சொன்னபோது, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன்.

என் கணவர் அந்த அணியின் ஃபார்வர்டு. மற்ற நாட்களில் பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். அணி அடிக்கும் கோல்களில் பாதி அவருடையது.

இந்த வருஷம் சீசனுக்கு மூன்று வாரம் முன்பு, பயிற்சி முடிந்து வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். நெஞ்சுக்குள் எதுவோ படபடவென்று அடித்துப் பிறகு நின்றதாம். வெயில் என்றார். என் மாமனார் முப்பத்தொன்பது வயதில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே விழுந்து இறந்தவர். அதையும் வெயில் என்றுதான் இந்த வீட்டில் சொல்வார்கள்.

கெஞ்சி அழைத்துக்கொண்டு கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார், மாமனார் இறந்ததைப் பற்றி இரண்டு முறை விசாரித்தார். எக்கோ ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்து, அதைப் பார்க்கும்வரை ஓடவே கூடாது என்றார். திரும்பி வரும் பஸ்ஸிலேயே என் கணவர் அந்தத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

"சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம் அம்மணி. இப்ப ஸ்கேன் அது இதுன்னா டீம்ல வேற ஆளப் போட்டுருவாங்க."

"ஏனுங்க, டாக்டர் ஓடவே கூடாதுன்னு சொன்னாருங்களே."

"டாக்டருங்க எல்லாம் அப்பிடித்தான் சொல்லுவாங்க. நீ யார்கிட்டயும் சொல்லிப்போடாத. பாப்பா தலைல கை வச்சுச் சொல்லு."

மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டரை வயது. கை வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன். பஸ்ஸில் நாலு பேர் பார்க்கிறார்கள், அவர் முகம் அப்படி இருந்தது, மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. இதெல்லாம் காரணமா என்று தெரியவில்லை.

அந்த மூன்று வாரமும் அவர் பயிற்சிக்குப் போனார். திரும்பி வரும் வண்டிச் சத்தம் கேட்கும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது மறந்துவிடும். அவர் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். நான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனோ என்று ஒரு நாள் தோன்றும். இன்னும் சும்மா இருக்கிறேனே என்று மறுநாள் தோன்றும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. பேக்கரியில் வெளி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்தேன். மகள் பக்கத்தில் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அணியின் வாட்ஸ்அப் குழுவை நடத்தும் கல்லூரிப் பெண்தான் முதலில் ஆரம்பித்தாள்.

"எழுதுங்கக்கா. பத்து ஆட்டம். எட்டு ஜெயம், ஒரு டிரா. பொள்ளாச்சிகிட்ட மட்டும் தோப்போம்."

"ஏங்கண்ணு, பொள்ளாச்சிக்காரங்க தேங்காய உருட்டியே கோல் போட்டுருவாங்களா?" என்றார் கண்டக்டர்.

"போன வருஷம் மூணு போட்டாங்களே பெரியப்பா. அது மூணும் தேங்காயா?"

எல்லோரும் சிரித்தார்கள். பேக்கரி நடத்தும் பாய் டீ ஆற்றிக்கொண்டே, "கண்டக்டர் அண்ணன் கிட்ட கேக்காதீங்க. போன வருஷம் நாமதான் சாம்பியன்னு எழுதச் சொன்னாரு. ஏழாவதா வந்தோம். இந்த வருஷம் கேன் அவருதான்," என்றார்.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லோருடைய சீட்டிலும் என் கணவர் இருந்தார். பன்னிரண்டு கோல் என்றார் ஒருவர். பதினைந்து என்றார் இன்னொருவர். "டிஃபென்ஸ் எப்பிடிப் போனாலும் சரிங்க, முன்னால இந்தத் தம்பி ஓடறான், அது போதும்," என்றார் மூன்றாமவர். என் கணவர் டீ கிளாஸோடு தூணில் சாய்ந்து, "என்னைய ஏனுங்க வம்புல இழுக்கறீங்க," என்று சிரித்துக்கொண்டிருந்தார். ஓடறான், ஓடுவான் என்று எத்தனை முறை எழுதினேன் என்று தெரியாது. பேனா வியர்வையில் வழுக்கியது.

"அக்கா, நீங்க ஒரு வருஷம்கூடச் சொன்னதில்ல. இந்த வருஷம் சொல்லியே ஆகணும்," என்றாள் கல்லூரிப் பெண்.

"ஆமாங்க, ஊட்டுக்காரர் எத்தனை கோல் போடுவாருன்னு அம்மணிக்குத் தெரியாததா?" என்றார் பதினைந்து கோல் சொன்னவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். சொல்ல மாட்டேன், எழுதிப் போடுகிறேன் என்றேன். இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன். நான்காக மடித்து டப்பாவில் போட்டேன். பாய் டேப்பை ஒட்டினார்.

வீட்டுக்கு நடக்கும்போது மனசு லேசாக இருந்தது. மூன்று வாரத்தில் முதல் முறையாக. எப்படியோ சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று நிஜமாகவே நினைத்தேன். மதியம் மகளுக்குத் தயிர்சாதம் பிசையும்போதுதான் உறைத்தது. அந்த டப்பாவை லீக் முடிந்த பிறகுதான் பிரிப்பார்கள். முதல் ஆட்டம் அடுத்த ஞாயிறு. யாருமே படிக்காத இடத்தில் எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். அவருக்கு ஏதாவது ஆகி, பிறகு டப்பாவைப் பிரித்தால், கட்டுப்பாட்டை மீறி எழுதிய சீட்டு ஒன்று என் கையெழுத்தில் அதற்குள் கிடக்கும்.

அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்கு ஓடினேன். மதியத்தில் கடையில் யாருமில்லை. பாய் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், அந்த டப்பாவக் கொஞ்சம் பிரிங்க."

"என்ன தங்கச்சி, கோல் குறைச்சு எழுதிட்டியா? ஒட்டினா ஒட்டினதுதான். இத்தனை வருஷத்துல நான் பிரிச்சதே இல்ல."

"என்ற சீட்ட மட்டும் எடுங்க."

"எடுத்துக் கிழிக்கவா?"

"இல்லீங்க. நீங்க படிக்கணும்."

என் முகத்தைப் பார்த்தவர் துணியைக் கீழே வைத்தார். ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை இறக்கினார். டேப்பைக் கத்தியால் கீறினார். நான்காக மடித்தது என் சீட்டு ஒன்றுதான். 'இவர் இந்த சீசன் ஆடக் கூடாது. நெஞ்சில் கோளாறு இருக்கலாம். ஸ்கேன் எடுக்கும்வரை ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் எடுக்கவில்லை.' பாய் இரண்டு முறை படித்தார்.

"இத வாயால சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்ல மாட்டேன்னு பாப்பா தலைல கை வச்சுட்டனுங்க."

"நீ எங்க சொன்ன? நானாத்தான் படிச்சேன்." அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை.

அந்த நேரம் பார்த்து கண்டக்டர் டீக்கு வந்தார். பிரித்த டப்பாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். இவர் கண்ணில் படக் கூடாது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பாய் சீட்டை அவரிடம் நீட்டிவிட்டார். கண்ணாடி கொண்டுவராததால் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அந்த லெஃப்ட் பேக் தம்பிக்குக் கணுக்கால் வீங்கியிருந்துச்சு அம்மணி. சாக்ஸ கழட்டும்போது நான் பாத்தேன். அதனாலதான் நிக்க மாட்டான்னு சொன்னேன். ஒருத்தரும் அவன் காலப் பாக்கல. என்ற வாயத்தான் பாத்தாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உப்பும் மிளகாயும் சுற்றியவள் நான்.

இருவரும் என்னோடு வீட்டுக்கு வந்தார்கள். என் கணவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பாய் கையிலிருந்த சீட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"பாப்பா தலைல கை வச்சயே," என்றார் என்னைப் பார்த்து. கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்தப் புள்ளைய ஏன் பாக்கற தம்பி, என்னையப் பாரு," என்றார் கண்டக்டர். "இந்த வருஷம் கேன் நான்தான். ஸ்கேன் எடுத்த காயிதத்தக் காட்டாம நீ மைதானத்துல கால் வச்சா, ஒரு ஆளுக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. உன்ற டீமே காஞ்சு சாவட்டும்."

"பெரியப்பா, வெளையாடாதீங்க."

"நீயும் வெளையாடாத. அதத்தான் சொல்றேன்."

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைப் போட்டு வைத்தால் சாப்பிட்டார். புதன்கிழமை காலையில், "கிளம்பு" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

ஸ்கேன் அறையில் அவர் இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். திரையில் அவருடைய இதயம் தெரிந்தது. எனக்கு அதைப் பார்த்து ஒன்றும் புரியவில்லை, சிறிய வாய் ஒன்று மூடி மூடித் திறப்பதுபோல் இருந்தது. டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். இதயத்தின் சதைச்சுவர் தடித்திருக்கிறது. மாத்திரை எடுக்க வேண்டும். வேலைக்குப் போகலாம், நடக்கலாம். போட்டி ஆட்டம் இனிக் கிடையாது.

"இந்த சீசனாங்க?" என்று கேட்டார் என் கணவர்.

"எந்த சீசனும்தான்."

அவர் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் பார்த்திருக்க வேண்டாம். பிழைத்தார் என்ற நிம்மதியும், அவருக்குப் பிடித்த ஒன்றை என் கையாலேயே பிடுங்கிவிட்டேன் என்ற குற்ற உணர்வும் ஒன்றாக வந்தன. அதற்குள் டாக்டர் தாளில் இன்னும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"இது குடும்பத்துல வரக்கூடியது. கொழந்தை இருக்கில்லைங்களா? கொழந்தைக்கும் ஒரு தடவை பாத்துரலாம். பயப்படாதீங்க, பாதிக்குப் பாதி இல்லாமலேயும் இருக்கலாம்."

பாதிக்குப் பாதி என்பதைக் கணக்கு படித்தவளிடம் சொல்லியிருக்க வேண்டாம். நான் கை வைத்த தலை என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது. சத்தியத்துக்கும் இதயத்தின் சதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். மகளுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நேரம் கொடுத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். போக வேண்டாம் என்று நான் நினைத்திருந்தேன், அவர்தான் கிளம்பினார். சிமெண்ட் படியில் என் பக்கத்தில் சாதாரணச் சட்டையில் உட்கார்ந்தார். அணிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கல்லூரிப் பெண் மட்டும், "அக்கா, முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற ஆளையாவது தயார் பண்ணியிருப்பாங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் சொன்னதும் நியாயம்தான். இருபது நிமிஷத்தில் இரண்டு கோல் வாங்கினோம். ஒவ்வொரு முறை பந்து ஆளில்லாத இடத்தில் விழும்போதும் என் கணவரின் வலது கால் தரையில் லேசாக அசைந்தது.

கோட்டுக்கு வெளியே பழைய பந்து ஒன்று கிடந்தது. என் மகள் படியிலிருந்து நழுவி இறங்கி அதை நோக்கி ஓடினாள். உதைத்தாள், விழுந்தாள், எழுந்து மறுபடியும் ஓடினாள். முகம் சிவந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் மூச்சு வாங்கும். அப்படித்தானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கூப்பிட வாயெடுத்தேன். செவ்வாய்க்கிழமைவரை இன்னும் இரண்டு நாள் இருந்தது. கூப்பிட்டால் வந்துவிடுவாள், ஆனால் எத்தனை நாளைக்கு இப்படிக் கூப்பிடுவது?

"ஓடட்டும் விடு அம்மணி," என்றார் அவர், ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் குரல் நிலையாக இல்லை.

நான் கூப்பிடவில்லை. விட்டுவிடவும் முடியவில்லை. செருப்பைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போய், எட்டினால் தூக்கிவிடும் தூரத்தில், அவள் பின்னாலேயே ஓடினேன்.