மணியோசை வரும் பின்னே

எங்கள் மாமா உங்களோடு பேசும்போது முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்தால், திமிர் பிடித்த மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள். திமிர் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காதைப் பார்ப்பதற்குக் காரணம் அது இல்லை. நேராகப் பார்த்தால் உங்கள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு வெறும் புகைதான் தெரியும். கொஞ்சம் ஒதுங்கிப் பார்த்தால் ஓரத்தில் மூக்கோ வாயோ அகப்படும்.

மாமா என்றால் என் அக்காவைக் கட்டியவர். ஏரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைச் சைக்கிளில் நிதானமாக அழைத்துப்போய்க் காட்டுவது எங்கள் பிழைப்பு. அக்கா கொட்டகையில் இருந்துகொண்டு சைக்கிள்களுக்குக் காற்றடித்து, ஆளுக்குத் தக்கபடி சீட்டை ஏற்றி இறக்கிக் கொடுப்பாள். மாமா முன்னால் போவார். நான் கடைசியில் போவேன். பிந்துகிறவர்களைத் தேற்றுவதும், கழன்ற செயினை மாட்டுவதும் என் வேலை. எனக்கு ‘வால்’ என்று பெயர் வைத்தது மாமாதான். மச்சான் என்ற மரியாதை அந்த வீட்டில் அவ்வளவுதான்.

மாமா ஆதியில் சைக்கிள் ரிப்பேர்காரர். ஏரிக்கரைக் கோட்டையைத் தோண்ட ஆராய்ச்சிக்காரர்கள் வந்து தங்கியபோது அவர்களுடைய வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். கூலியோடு கதைகளையும் வாங்கிக்கொண்டார். எந்த ராஜா எந்தச் சுவரை எழுப்பினான், காவல் கோபுரம் எந்தச் சண்டையில் பாதியாகப் போனது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கூடவே இரண்டு பொய்யையும் சேர்த்துக்கொள்வார். நீராழி மண்டபத்து ராணிக்கு நீச்சலே தெரியாது என்பது முழுக்க முழுக்க அவருடைய சொந்தச் சரக்கு. மடிப்புக் கலையாத சட்டை, தினம் வழித்த முகம், விசில் என்று முன்னால் போகும் அவரைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். அந்த முதல் சைக்கிளில் இல்லையென்றால் அவர் அவராக இல்லை. இது அக்காவுக்கும் தெரியும்.

கண் கோளாறைக் கண்டுபிடித்தவள் அக்காதான். “என் மூஞ்சியப் பாக்காம காதப் பாத்துப் பேசறாருடா. தோடு வாங்கித் தரப்போறாராக்கும்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா, எதிர்ல வச்ச டம்ளரத் தடவி எடுக்கறார்” என்று கொட்டகைக்குப் பின்னால் வைத்து என்னிடம் சொன்னாள். கண்ணைப் பற்றிப் பேசாமல், உடம்பைப் பொதுவாக டாக்டரிடம் காட்டலாம் என்று அவள் வாயெடுத்ததற்கே மாமா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். “நாமளா கேட்டா ஒடஞ்சிடுவாரு. அவரே சொல்லட்டும். அதுவரைக்கும் பின்னாலேருந்து மணி அடி” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பின்னால் வருகிறவர்கள் என்ன, நேர்ந்துவிட்ட ஆடா? ஆனால் அக்காவின் கண் கலங்கினால் நான் எதற்கும் தலையாட்டிவிடுவேன்.

எதிரே வண்டி வந்தால், மாடு குறுக்கே படுத்திருந்தால், நான் கடைசியிலிருந்து மணியடிப்பேன். மாமா வேகத்தைக் குறைப்பார். ஏன் அடிக்கிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வந்தவர்களிடம் மட்டும், “யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சொல்லுவாங்க. எங்க வீட்ல மட்டும் மணியோசை பின்னால வருதுங்க” என்று என்னைக் கேலி செய்து சிரிக்க வைப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்கு நான் சோறு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வந்த கூட்டம் சின்னது. பின் சீட்டில் மகளை உட்காரவைத்து ஓட்டிய ஒரு தாய், பணி ஓய்வு பெற்ற பல் டாக்டர், அவருடைய நண்பர்கள் சிலர். அந்தத் தாய்க்கு மாமாவின் கதைகள் பிடித்துப்போய், அவர் சக்கரத்தை ஒட்டியே வந்தாள். காலையிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. கோபுரத்துக் கல்வெட்டை மாமா மனப்பாடமாக ஒப்பித்தபோது, பல் டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “நீங்க சொல்றது ஒரு வரி, விரல் வைக்கிறது ஒரு வரியா இருக்கே?” என்றார்.

“ரெண்டு வரியும் ஒரே ராஜா வெட்டினதுதாங்க” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோபுரத்தைத் தாண்டினால் ஏரிக்கரை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஒரு பக்கம் ஆழத் தண்ணீர், மறுபக்கம் கல் பதித்த செங்குத்துச் சரிவு. கரை பிறைபோல வளைந்து போவதால் கடைசியில் வருகிறவனுக்கு முன்னால் உள்ள பாதை முழுவதும் தெரியும். அப்படித்தான் அதைப் பார்த்தேன். மதகின்மேல் பாவியிருந்த பலகைக்கல்லைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். முந்தின நாள்கூட அது அங்கே இருந்தது. பாதையின் குறுக்கே ஒரு கயிறு, கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணி. வேலையாட்கள் யாரையும் காணோம். துணி சரியாக நடுவில் தொங்கியது. மாமாவின் புகை இருக்கிற இடத்தில்.

மணியை விடாமல் அடித்தேன்.

கோட்டைச் சுவர் எதிரே இருந்ததால் மணியோசை அதில் மோதித் திரும்பி வந்தது. பல் டாக்டருக்கு அது வேடிக்கையாகிவிட்டது. “ஆகா, எதிரொலி!” என்று அவரும் அடித்தார். அவருடைய நண்பர்கள் அடித்தார்கள். அந்தத் தாயும் சிரித்துக்கொண்டே அடித்தாள். கரை முழுவதும் மணி, சுவர் முழுவதும் மணி. மாமா கையைத் தூக்கி ஆட்டிவிட்டு, தன் மணியையும் அடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்.

“மாமா! நில்லுங்க!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முந்திப் போகவும் இடமில்லை. எனக்கு முன்னால் இருந்த டாக்டரின் முதுகை எட்டி ஓங்கித் தட்டினேன். சைக்கிள் ஆட, அவர் எரிச்சலோடு திரும்பினார்.

“முன்னால பள்ளம்! அவர நிறுத்தச் சொல்லுங்க!”

“கைடுக்குத் தெரியாதா?” என்றார் டாக்டர்.

“தெரியாதுங்க! அவருக்குக் கண்ணு தெரியாது!”

சொல்லிவிட்டேன். இத்தனை நாள் நானும் அக்காவும் பொத்திப் பொத்தி வைத்ததை, முன்பின் அறியாத ஒருத்தரின் முகத்தில் வீசிவிட்டேன். டாக்டரின் முகம் வெளுத்தது. அவர் தனக்கு முன்னால் இருந்தவரிடம் கத்தினார். அவர் அடுத்தவரிடம் கத்தினார். மணிகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வாய் மாறி வாய் மாறி அந்தச் சொல் மாமாவை நோக்கி ஓடியது. அது போய்ச் சேர வேண்டுமே என்று தவித்தேன். அதே நேரம் போய்ச் சேரக் கூடாதே என்றும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைசியில் அந்தத் தாய்தான் அலறினாள். “சார், பள்ளம்! உங்களுக்குக் கண்ணு தெரியாதாமே, நில்லுங்க!”

மாமா இரண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்தார். பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. முன்சக்கரம் கயிற்றைத் தள்ளி வில்லாக வளைத்திருந்தது. கீழே மதகுக்குள் தண்ணீர் இரைந்தது.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அந்தத் தாய் அதற்குள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். மாமாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“தெரிஞ்சேவா எங்களக் கூட்டிட்டு வந்தீங்க?”

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அக்காவின் கண்ணீரை இவளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு அவள் பிள்ளை. அவள் திரும்பி, குழந்தையோடு வந்த வழியே நடந்தாள். மற்றவர்கள் அவள் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார்கள். பல் டாக்டருடைய சைக்கிளையும் தானே தள்ளுவதாக ஒருவர் சொன்னார். டாக்டர் வேண்டாம் என்று தானே தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மாமா ஒரு காலைத் தரையில் ஊன்றி அப்படியே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒனக்கு எப்பலேருந்து தெரியும்?” என்றார்.

“ரொம்ப நாளாவே தெரியும் மாமா.”

“அக்காகிட்ட சொல்லிட்டியா? அவ தாங்க மாட்டாடா. அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் நான் இவ்வளவும்...”

பொய் சொல்ல நினைத்தேன். இத்தனை நாள் மறைத்ததே போதும் என்றிருந்தது. “அக்காதான் மாமா எனக்கே சொன்னா. ஒடஞ்சிடுவீங்கன்னு ஒங்ககிட்ட கேக்காம இருந்தா.”

அவர் என் காதைப் பார்த்தார். பிறகு, “அப்ப நான் யாருக்குடா நடிச்சிட்டு இருந்தேன்?” என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு கையை என் பக்கம் நீட்டினார்.

“கையப் புடிடா. வண்டியத் திருப்பணும். கரை எவ்வளவு அகலம்னு எனக்குத் தெரியல.”