அப்பா ஒட்டிய பக்கங்கள்

மரகதத்தைக் கொன்றது யார்? இருபத்தைந்து வருடமாகியும் எனக்குத் தெரியாது.

நேற்று என் பதினொரு வயது மகள் தோழியிடமிருந்து பேய்க் காதல், மர்மக் கதைகளின் தொகுப்பு ஒன்றை வாங்கி வந்தாள். புரட்டினேன். ஒரு பேய் முத்தமிட்டது. என் கை தானாகப் பசைக் குப்பியைத் தேடியது. மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த வாசனை, நான் வளர்ந்த ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் வாசனை.

அம்மா வார இதழ்களில் வந்த பேய்த் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைப்பாள். காதல் வரும் பக்கங்களை அப்பா ஆபீஸ் பசையால் ஒன்றோடொன்று ஒட்டிவிடுவார். வெட்டுப்பட்ட தலைகளின் படங்களைத் தொடவே மாட்டார்.

“கொலை மட்டும் படிக்கலாமாப்பா?”

“கொலை வெறும் கதைடி. இது புத்தியக் கெடுக்கும்.”

மரகதம் கொலையாகும் தொடரில் கடைசி அத்தியாயம் முழுக்க ஒட்டியிருந்தது. இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்தேன். எழுத்துகள் உரிந்து எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டன. குழந்தை அரிவாளைப் பார்க்கலாம், அன்பைப் பார்க்கக் கூடாது என்பது என்ன நியாயம்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

“மம்மி, ஜல்தி குடு. யாரு கொன்னாங்கன்னு இன்னும் தெரியல” என்று மகள் கை நீட்டினாள். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்பாவைத் திட்டிக்கொண்டே பசையையும் மூடாமல் வைத்திருக்கிறேன். பெண் குழந்தை வளர்ப்பவர்களே, அப்படியே கொடுத்துவிடலாமா? சொல்லுங்கள்.