தபால் அக்கா வண்டி ஒழுகிய கதை

முதலில் வண்டிச் சத்தம் கேட்கும், பின்னாலேயே தபால் அக்கா வருவார். அந்த மோட்டார் பைக்குக்கு வயது இருபத்தாறு. வேலையில் சேர்ந்த புதிதில், யார் கையையும் எதிர்பார்க்காமல் அவரே வாங்கியது.

அது திடீரென்று ஒழுக ஆரம்பித்தது. நிறுத்திய இடமெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. அக்கா வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அப்போதுதான் புதுத் தரை ஓடு பதித்திருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்துவிட்டார்.

"ஏம்மா, உங்க வண்டிக்கு ஒரு டயப்பராவது கட்டக் கூடாதா?"

மெக்கானிக் இரண்டு முறை, எண்ணெய் கசியாமல் தடுக்கும் அடிப்பக்கத்து பேக்கிங்கை மாற்றினார். பத்தே நாளில் மறுபடியும் கறை. "வயசான வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்க்கா. பழைய இரும்புக்குத் தள்ளிவிடுங்க" என்று கை கழுவிவிட்டார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "வயசானா ஒழுகணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? நானே பாத்துக்கறேன்."

ஞாயிறு காலை, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து என்ஜினைப் பளிச்சென்று கழுவினார். காய்ந்ததும், கணவரின் முகப்பவுடரை எடுத்து அதன் மேல் முழுக்கத் தூவினார். கணவர் வாயைப் பிளந்தார்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட நீ இவ்வளவு பவுடர் போடலையே!"

"எண்ணெய் எங்கேர்ந்து கிளம்புதுன்னு வெள்ளையில நல்லாத் தெரியும். தள்ளுங்க."

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். மெக்கானிக் மாற்றிய இடத்தில் ஈரமே இல்லை. மேல் மூடி இணைப்பிலிருந்துதான் எண்ணெய் வழிந்து அடிக்கு இறங்கியிருந்தது. மறுநாள் புது பேக்கிங் வாங்கி, போல்ட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். மேலே கசிவு நின்றது. ஆனால், அதுவரை நன்றாக இருந்த கியர் பெடல் பக்கம் கசியத் தொடங்கிவிட்டது!

அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஓர் இடத்தை அடைத்தால் இன்னோர் இடத்தில் எப்படி வரும்? மாடிக்குப் போனால், சமையலறையில் கணவர் கத்திக்கொண்டிருந்தார்.

"குக்கர்ல விசிலே வரல, ஓரமெல்லாம் தண்ணி கொப்புளிக்குது!"

"ஓட்டை அடைச்சிருக்கும். ஆவி வேற எந்தப் பக்கம் போகும்?" என்றவர், அப்படியே நின்றுவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டுப் படி தாவி இறங்கினார்.

என்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேற ஒரு சின்ன ரப்பர் குழாய் உண்டு. அதன் நுனியைத் தடவிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. குளவி மண் வைத்து அடைத்திருந்தது! போக வழியில்லாத காற்றுதான் கிடைத்த இடுக்கிலெல்லாம் எண்ணெயை வெளியே தள்ளியிருக்கிறது. குழாயைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினார்.

ஒரு வாரம் வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தார். தாளில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. தாளை மடித்து எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனார்.

குளவி அடைத்த குழாயைப் பற்றி அக்கா சொல்லச் சொல்ல, மெக்கானிக் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேக்கிங்கையே பாத்துட்டு இருந்துட்டேன்க்கா. குழாய் பக்கம் புத்தி போகல." பிறகு மெதுவாக மூலையைக் காட்டினார். "இந்த வண்டியும் மூணு மாசமா ஒழுகுது. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

இருபத்தாறு வருட வேலையில் யாரும் அக்காவிடம் இப்படி ஒன்று கேட்டதில்லை. சிரிப்பு வாயை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "டியூட்டி முடிச்சிட்டு வரேன்" என்றார்.

அன்றைக்குக் கடிதங்கள் ஒரு மணி நேரம் தாமதம். வாசலுக்கு வாசல் நின்று, குளவிக் கூட்டின் கதையை முழுசாகச் சொன்ன பிறகுதான் அக்கா பையிலேயே கை வைத்தார்.