பைண்டிங் ஹாலில் பழகிய பேச்சு

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்த்தேன். முதலாளியின் கடைசி மகள்தான் எங்களுக்கு மேனேஜர். மதுரையில் படித்துவிட்டு வந்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா.

சீசன் சூடுபிடித்த நேரத்தில் அக்கா ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். காரியாபட்டிக்காரி, இங்கே சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அதனாலேயே மற்ற பிரஸ்களில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

முதலாளி ஹாலுக்கே வந்து சத்தம் போட்டார். "மெஷின் கெளம்புறப்ப மணி அடிச்சா இதுக்குக் கேக்குமா? கை போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"கேக்காதுப்பா. கண்ணு தெரியும்ல?" என்றார் அக்கா.

மறுநாளே ஒவ்வொரு மெஷினுக்கு மேலும் சிவப்பு பல்பு தொங்கியது. மணியோடு சேர்ந்து அதுவும் எரியும்.

அத்தோடு விடவில்லை. டீ நேரத்தில் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய சைகைகளைக் கற்றுக்கொண்டார். எங்களையும் கூப்பிட்டார்.

"எங்களுக்கெதுக்கும்மா இந்தப் பாஷை?" என்று மூத்தவள் ஒருத்தி சலித்துக்கொண்டாள்.

"மெஷின் ஓடயில தொண்டை கிழியக் கத்துதீகளே, அதுக்குத்தான்."

அது நிஜமாகவே பலித்தது. ஹாலின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் கையாலேயே ஊர்க்கதை பேசினோம். சலித்துக்கொண்டவள்தான் அதிகம் பேசினாள். அந்தப் பெண் எல்லோருக்கும் சைகையில் பெயர் வைத்தாள். கன்னத்து மச்சத்தைத் தொட்டால் நான். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவதுபோல் காட்டினால் அக்கா.

ஒருநாள் அவள் மீசையை முறுக்கிக் காட்டியதை முதலாளி பார்த்துவிட்டார். எங்களுக்கு உயிரே போனது.

"யாரும்மா அது?"

"நீங்கதாம்ப்பா," என்றார் அக்கா.

முதலாளி அவளையே பார்த்தார். பிறகு விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், "சாப்ட்டாச்சா?" என்பதுபோல் தலையசைத்தார். அவள் சிரித்த சிரிப்பில் ஹாலே சிரித்தது.

அடுத்த சீசனில் அவளைப் போலவே இன்னும் சில பெண்கள் வந்தார்கள். பக்கத்து பிரஸ்காரர்களும் பல்பு மாட்டியதைப் பார்த்துப் போனார்கள். இன்று பெரிய கம்பெனிகளில் இப்படிப்பட்டவர்களோடு சேர்ந்து வேலை பார்ப்பது எப்படி என்று சொல்லித்தரவே ஆள் போட்டுக் கூட்டம் நடத்துகிறார்களாம். அக்கா எங்களிடம் ஒரு பிரசங்கமும் செய்ததில்லை.

கல்யாணமாகி அக்கா கோயம்புத்தூர் புறப்பட்ட அன்று மெஷின்களை நிறுத்தினோம். யாரும் கைதட்டவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினோம். அந்தப் பெண்களின் கைதட்டல் அதுதான். வாசலில் நின்ற அக்கா என்னவோ சொல்ல வந்தார். அழுகையில் அவருக்குக் கை ஓடவில்லை.