ரன்னிங் பேக் மாப்பிள்ளை

நம் பக்கத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிச் சம்பளம் வாங்கியவர்களை எல்லாம் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அதிலும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

என் வேலைக்கு ரன்னிங் பேக் என்று பெயர். பக்கத்தில் நிற்கிறவன் பந்தை என் வயிற்றில் திணிப்பான். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே சுவர் மாதிரி நிற்கிற தடியன்களுக்கு நடுவே புகுந்து ஓட வேண்டும். அவர்கள் என்னைப் பிடித்துத் தரையில் போடுவார்கள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் ஓட வேண்டும். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் என்னோடு வேலை பார்த்த தோஸ்த் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அடி வாங்கறதுக்குச் சம்பளமாடா? எங்கப்பா எனக்கு ஓசியிலயே குடுத்தாரே."

என்னை இதில் சேர்த்தது சென்னையிலிருந்து வந்த ஒரு கோச். திமிரியில் திருவிழா கபடியில் நான் ஆடியதைப் பார்த்துவிட்டு, புதிதாக ஆரம்பித்த லீக் ஒன்றுக்கு ஆள் எடுத்தார். என் திறமையெல்லாம் டேனரியில் வளர்ந்தது. டிரம்மிலிருந்து எடுத்த ஈரத்தோலைத் தோளில் போட்டுக்கொண்டு வழுக்குகிற தரையில் ஓடி ஓடிப் பழகிய கால். அங்கே ஒரு சட்டம் உண்டு. சுமை வைத்திருக்கிறவன் "ஓரம், ஓரம்" என்று கத்தினால் முதலாளியே ஆனாலும் ஒதுங்கி வழிவிடுவார். முதல் நாள் பயிற்சியில் பந்து கைக்கு வந்ததும் நானும் பழக்கதோஷத்தில் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஒருத்தனும் ஒதுங்கவில்லை. கண் விழித்தபோது கோச் என் முகத்துக்கு மேலே குனிந்து, "இங்க சுமை வச்சிருக்கறவனத்தான் அடிப்பாங்க தம்பி" என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் முதல் சீசன் நன்றாகவே போனது. ஊரில் மரியாதை ஏறியது. நெமிலியில் பெண் பார்த்தார்கள். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில், தையல் பிரிவில் சூப்பர்வைசர். ஐம்பது மிஷின்களின் சத்தத்தை ஒரு பார்வையில் அடக்கப் பழகிய கண்கள். நிச்சயத்தன்று என்னிடம் தனியாகப் பேசியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்த ஆட்டம் முடிஞ்சாலும் டேனரிக்குத் திரும்பிப் போயிட மாட்டீங்களே? எங்கண்ணன் கையைப் பாத்து வளந்தவ நான். டேனரி மருந்துல தோலு உரிஞ்சி சோத்துல கை வைக்க முடியாம உக்காந்திருப்பான்."

"ஆட்டம் முடிஞ்சா கோச் ஆயிடுவேன்" என்றேன், ஏற்கெனவே விசிலை வாயில் வைத்துக்கொண்டவன் மாதிரி. அந்த ஒரு பதிலுக்குத்தான் அவள் சரி என்றாள்.

இரண்டாவது சீசனின் நடுவில் என் கால் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். சுளுக்குதான், ரெஸ்ட் எடுத்தால் சரியாகிவிடும் என்று டீமில் சொன்னார்கள். நம்பினேன். வீக்கம் வற்றாமல், கல்யாண வாரத்தில் வேலூருக்குப் போய் ஸ்கேன் எடுத்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நடக்கலாம். முட்டியை மடக்கறதெல்லாம் ஆபரேஷனுக்கு அப்புறம் பாப்போம். இந்த ஆட்டத்தை மறந்துடுங்க" என்றார். டீம் மேனேஜருக்குப் போன் செய்தேன். "உடம்பப் பாத்துக்கங்க தம்பி" என்றார். அந்தப் பேச்சு முடிவதற்குள் வாட்ஸப் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எங்கள் டீமிலேயே வேகமான ஆள் அந்த மேனேஜர்தான். கோச் ஆகிற பேச்சும் அதோடு போனது. எனக்கு மிச்சமிருந்தது பழைய டேனரி மட்டும். அங்கே டேபிளில் தோலின் ஓரம் வெட்டுகிற வேலை தருவதாகச் சொன்னார்கள்.

உடனே பெண்ணின் அப்பாவிடம் போனேன். அவர் அப்போதுதான் கல்யாண மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டவைத்து, தள்ளி நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட் போட்டு, பந்தை அணைத்துக்கொண்டு நான் பாய்கிற படம். மூஞ்சி தெரியாது. 'சர்வதேச அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்' என்று எழுதியிருந்தது. சர்வதேசம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் ஆடிய தூரதேசம் ஓசூர்.

"மாமா, இனிமே என்னால ஆட முடியாது" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். "இன்னா மாப்ள, பத்திரிகை ஊர் பூரா குடுத்து முடிச்சப்புறம் வந்து சொல்றீங்க. கல்யாணம் முடியட்டும். அவகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

"இல்ல மாமா, தாலி கட்றதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியணும்."

"நீங்க பேஜார் பண்ணாதீங்க" என்றார். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அவளுக்கே போன் செய்தேன். நலங்கு வைத்த பிறகு பெண்ணோடு பேசக்கூடாதாம். அவள் அத்தைதான் போனை எடுத்தார். "அப்டி இன்னா மாப்ள அவசரம்? ஆயுசுக்கும் பேசத்தான போறீங்க" என்று சிரித்துவிட்டு வைத்தார். எல்லாவற்றையும் விவரமாக எழுதி மெசேஜ் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. இரண்டு புறாக்கள் முத்தமிடுகிற ஸ்டிக்கர். போன் அவளுடைய சித்தப்பா பெண்கள் கையில் இருக்கிறது என்று புரிந்தது.

கடைசியில் வரவேற்பு மேடையில்தான் அவள் பக்கத்தில் நிற்கக் கிடைத்தது. கீழே வரிசை வாசல்வரை நின்றது. ஒரு குடும்பம் இறங்கி அடுத்த குடும்பம் ஏறுவதற்குள் கிடைத்த இடைவெளியில், "எனக்கு முட்டி போயிடுச்சி" என்றேன்.

"சார், சிரிங்க" என்றார் வீடியோக்காரர். சிரித்தேன்.

"சரியாயிடும்னாங்களே?" என்றாள், சிரித்தபடியே.

"ஆகாது. டீம்லருந்து எடுத்துட்டாங்க."

நெமிலிப் பெரியவர் ஒருவர் மேலே வந்து என் கையைக் குலுக்கி, "எத்தினி கோல் போட்டிருக்கீங்க மாப்ள?" என்று கேட்டார். அந்த ஆட்டத்தில் கோலே வேறு மாதிரி என்று விளக்குகிற நிலையில் நான் இல்லை. "ஜாஸ்தி இல்லீங்க" என்றேன். தன்னடக்கம் என்று மெச்சிவிட்டுப் போனார்.

"மறுபடியும் டேனரியா?" என்றாள் அவள்.

"டேபிள் வேலைதான். தண்ணி, மருந்தெல்லாம் தொட வேண்டாம்."

"மேடம், கொஞ்சம் சார் பக்கம் சாஞ்சிக்கங்க" என்றார் வீடியோக்காரர். சாய்ந்தாள். தோள் மட்டும் சாய்ந்தது.

நாலைந்து குடும்பங்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு இறங்கின.

"எங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இப்ப நான் இன்னா பண்ணணும், சொல்லுங்க? எறங்கிப் போயிடட்டா?"

"போகணும்னா போ. தப்பே இல்ல. நான் யாரையும் எதுவும் சொல்ல மாட்டேன்."

"எங்க போறது? வாசல அடைச்சிக்கிட்டு உங்க ஃப்ளெக்ஸுதான் நிக்குது."

அது கேலியா கோபமா என்று கேட்பதற்குள் அவளுடைய கம்பெனிப் பெண்கள் மொத்தமாக மேடை ஏறிவிட்டார்கள். வரிசை முடிந்ததும் அத்தை வந்து அவளை உள்ளே கூட்டிப்போய்விட்டார்.

காலையில் பட்டு வேட்டியோடு மணைக்குப் போனேன். என் கால் மடங்காத சங்கதி ஐயருக்குத் தெரியாது. உட்காருங்கள் என்றார். ஒரு காலை மடக்கி, இன்னொன்றைக் கம்பு மாதிரி நீட்டிக்கொண்டு மெல்ல இறங்கினேன். நீட்டிய கால் நேராக அக்கினிக்குப் போகப் பார்த்தது. "காலை உள்ள இழுங்க தம்பி" என்றார் ஐயர். இழுத்தேன். வலியில் நான் போட்ட சத்தத்தை நாதஸ்வரம் காப்பாற்றியது.

பெண்ணை அழைத்து வந்தார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் உட்காரவில்லை. நின்றபடியே இருந்தாள். நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். இதுதான் பதில் என்று எனக்குப் பட்டது. எழுந்து வழிவிடலாம் என்றால் எழுந்திருக்கவும் முடியவில்லை. யாராவது கைகொடுத்துத் தூக்கினால்தான் உண்டு.

"ரெண்டு சேர் கொண்டாரச் சொல்லுங்கப்பா" என்றாள் அவள்.

"ரெண்டா?" என்றார் மாமா.

"அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"மணையில உக்காராம கல்யாணமாடி?" என்றார் அத்தை.

"அவருக்கு முட்டி போயிடுச்சி அத்தை. ஆட்டமும் போயிடுச்சி. இனிமே டேனரி வேலைதான். எல்லாருக்கும் கேட்டுச்சில்ல?"

மேளமில்லாத மண்டபத்தில் அது சமையல்கட்டுவரை கேட்டது. ஐயர் மாமாவைப் பார்த்தார். மாமா யாரையும் பார்க்கவில்லை. தோஸ்த்தான் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அக்குளில் கைகொடுத்து என்னை எடுத்து ஒன்றில் வைத்தான்.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். முன்னால் பார்த்தபடியே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "டேனரிக்கு நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றாள்.

ஐயர் தாலியை என் கையில் கொடுத்தார். "கெட்டி மேளம்" என்றார். வாங்கிக்கொண்டு, அவள் சொன்னதற்குத் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வதென்று அப்போதும் தெரியவில்லை.