நல்ல சித்தி வரும் கதை

மணவாளன் திருவள்ளூரில் வாடகை நூல் நிலையம் நடத்தினார். நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு சைக்கிள், கேரியரில் ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து, அட்டை போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். அறுபதுகளின் தொடக்கத்தில், பிள்ளைகளுக்கு நல்ல கதையாகப் பார்த்துத் தந்தால் வீடுகளில் சண்டை குறையும் என்று நம்பித்தான் இந்த வேலையில் இறங்கினார். பத்து வருஷத்தில் குறைந்தது அவருடைய முழங்கால் பலம்தான்.

எழுபத்திரண்டில் ஒரு மதியம், கோவிந்தம்மா அவரை வாசலில் நிறுத்தினாள். ராஜவேலுவுக்கு இரண்டாந்தாரமாக வந்தவள். அவன் காலை ரயிலில் மெட்ராஸ் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவான். இறந்துபோன மூத்த தாரத்தின் மகள் சந்திரகலா வாராவாரம் புத்தகம் எடுப்பவள்.

"அண்ணே, புண்ணியமாப் போவும். சித்தி நல்லவளா வர்ற கதை ஒண்ணு இருந்தா கலாவுக்குக் குடுங்க. நான் ஆக்குன சோத்தத் தொடமாட்டேங்குது. பக்கத்து ஊட்ல போயி துன்னுக்கினு வருது. கேட்டா, கதையில சித்திங்க சோத்துல விசம் வெக்கிறாங்களாம். ஒரே பேஜாரா கீதுண்ணே."

அன்று சாயங்காலம் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். ஒரு சித்தி சூடு போட்டாள், ஒருத்தி பட்டினி போட்டாள், இன்னொருத்தி கிணற்றில் தள்ளினாள். எழுதுகிறவர்களுக்கு வேறு வேலையே கிடையாதா என்று எரிச்சலாக வந்தது. அவரையும் ஒரு சித்திதான் வளர்த்தாள். சூடும் போடவில்லை, கொஞ்சவும் இல்லை. நாள் முழுக்க அடுப்படியில் கிடந்து அலுத்துப்போனவள். அவளை வைத்து யார் தொடர்கதை எழுதப் போகிறார்கள்?

கடைசியில் ஒன்று அகப்பட்டது. அதில் சித்தி பாதிவரை நல்லவள். காய்ச்சலில் கிடக்கும் பெண்ணுக்குக் கஞ்சி ஊட்டுவாள். பின்பாதியில் வழக்கம்போல் அந்தக் கஞ்சியிலேயே எதையோ கலப்பாள். மணவாளன் பின்பாதியைப் பிரித்து எடுத்துவிட்டு, முன்பாதியை மட்டும் தைத்துக் கொடுத்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் சந்திரகலா வாசலிலேயே புத்தகத்தை நீட்டினாள்.

"மாமா, இதுல முடிவு இல்ல."

"பத்திரிகை நின்னு போச்சும்மா."

"பொய். போன வருசம் நீங்கதான் முழுசா குடுத்தீங்க. நான் படிச்சிட்டேன்."

மணவாளன் சைக்கிளில் சாய்ந்து நின்றார். இந்தத் தொழிலே வேண்டாம் என்று தோன்றியது.

உள்ளேயிருந்து கோவிந்தம்மா கூப்பிட்டாள். "கலா, சோறு ஆறிப்போவுது."

"தோ வரேன் சித்தி." பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சித்திக்குப் படிக்க வராதுல்ல, நல்ல கதைன்னு என்னையப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க மாமா. கஞ்சி ஊட்டுற எடத்துல அழுதுட்டாங்க. அப்பறம் இன்னா ஆச்சு, இன்னா ஆச்சுன்னு கேட்டுக்கினே இருந்தாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"அந்தப் பொண்ணு எழுந்து உக்காந்து, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேட்டுச்சுன்னு சொன்னேன். அந்தப் பின்பாதியக் கிழிச்சுப் போட்டுடுங்க மாமா. வேற யாராவது அவங்களுக்குப் படிச்சுக் காட்டிடப் போறாங்க."